நெக்ஸ்ட் அழுத்துவதா, கோப்பு எழுதுவதா? எஸ்எஸ்ஐஎஸ் சர்வரை நிறுவும் வழிகள்

இரண்டு சர்வர்கள். ஒன்று டெஸ்ட்டுக்கு, மற்றொன்று புரொடக்‌ஷனுக்கு. ஒரே வாரத்தில், ஒரே ஐஎஸ்ஓ கோப்பை வைத்து, டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2019-ஐயும் அதோடு வரும் தரவு ஒருங்கிணைப்பு மென்பொருளான எஸ்எஸ்ஐஎஸ்ஸையும், பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு நிறுவும் செட்டப் விசார்ட் வழியாக நிறுவினோம். டெஸ்ட் சர்வரை நான் முடித்தேன். புரொடக்‌ஷனை என்னோடு வேலை பார்த்த நண்பர் பார்த்துக்கொண்டார். இரண்டு திரைகளிலும் கடைசியில் பச்சை டிக் வரிசையாக வந்தது. மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் மாதக் கடைசி வந்தது. டெஸ்ட்டில் பத்து தடவை ஓட்டிப் பார்த்த பேக்கேஜ் (எஸ்எஸ்ஐஎஸ் ஓட்டும் தரவு வேலைத் தொகுப்பு) புரொடக்‌ஷனில் விழுந்தது. கொலேஷன் முரண்பாட்டைத் தீர்க்க முடியவில்லை என்றது பிழைச் செய்தி. எழுத்துகளை எப்படி ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது என்று சொல்லும் விதித்தொகுப்புதான் கொலேஷன். ஒரு பக்கம் 'எஸ்க்யூஎல்_லத்தீன்1_ஜெனரல்_சிபி1_சிஐ_ஏஎஸ்', மறுபக்கம் 'லத்தீன்1_ஜெனரல்_சிஐ_ஏஎஸ்'. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சர்வரைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு.

நடந்தது இதுதான். டெஸ்ட் சர்வரின் விண்டோஸ் அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தது, புரொடக்‌ஷனுடையது இந்திய ஆங்கிலத்தில். செட்டப் விசார்ட் விண்டோஸின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் எந்தக் கொலேஷன் என்று முன்மொழிகிறது. அமெரிக்க ஆங்கிலம் என்றால் முதல் பெயர், இந்திய ஆங்கிலம் என்றால் இரண்டாவது. அதைக் காட்டும் இடம் 'சர்வர் கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் இருக்கிறது, ஆனால் இரண்டாவது டேப்பில். முதல் டேப்பில் சர்வீஸ் கணக்குகள் இருக்கும். அதை முடித்துவிட்டு நெக்ஸ்ட் அழுத்தினால் விசார்ட் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், இரண்டாவது டேப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்காது. நாங்கள் இருவருமே திறக்கவில்லை.

டெஸ்ட்டிலிருந்து எடுத்த பேக்கப்பைப் புரொடக்‌ஷனில் ரீஸ்டோர் செய்திருந்தோம். ரீஸ்டோர் செய்த டேட்டாபேஸ் தன் பழைய கொலேஷனை அப்படியே கொண்டுவரும். ஆனால் தற்காலிக டேபிள்கள் உருவாகும் டெம்ப்டிபி, சர்வரின் கொலேஷனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மாதக் கடைசி புரொசீஜர் ஒன்று தற்காலிக டேபிளையும் நிஜ டேபிளையும் வாடிக்கையாளர் குறியீட்டை வைத்து இணைத்தது. டெஸ்ட்டில் இரண்டு பக்கமும் ஒரே கொலேஷன். புரொடக்‌ஷனில் மோதிக்கொண்டது.

அன்று இரவு அந்தப் புரொசீஜரில் தற்காலிக டேபிளின் எழுத்து நெடுவரிசைகளுக்கு டேட்டாபேஸின் கொலேஷனையே கொடுத்து ஒப்பேற்றினோம். நிரந்தரமாகச் சரிசெய்ய ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போனது. நிறுவி முடித்த சர்வரின் கொலேஷனை மாற்ற வேண்டுமானால் சிஸ்டம் டேட்டாபேஸ்களையே மறுபடி கட்ட வேண்டும். லாகின்கள், ஜாப்கள், லிங்க்டு சர்வர்கள் எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரிப்ட்டாக எடுத்துவைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும். இதில் விசார்டைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அது கேட்ட கேள்வியை நாங்கள்தான் பார்க்காமல் விட்டோம். ஆனால் ஒரு கேள்வியை இரண்டு பேர், இரண்டு இரவுகளில், இரண்டு தடவை எதிர்கொள்ளும்படி ஒரு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். தவறு அங்கேதான் தொடங்கியது.

ஆகவே எஸ்எஸ்ஐஎஸ்ஸைச் சர்வரில் போட வேண்டியவர்களுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எப்போது பொருந்தும் என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விசார்டை ஒரே ஒரு தடவை திறங்கள். அதன் பதில்களைக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாச் சர்வர்களையும், டெஸ்ட் உட்பட, அந்தக் கோப்பிலிருந்தே நிறுவுங்கள்.

விசார்ட் கொடுப்பதும் மறைப்பதும்

விசார்டைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசான் கிடையாது. என்னென்ன பாகங்கள் இருக்கின்றன, எதைத் தேர்ந்தால் எந்தக் கேள்வி புதிதாக வருகிறது என்பதெல்லாம் கண்முன்னே விரியும். 'ஃபீச்சர் செலக்‌ஷன்' பக்கத்தில் இன்டக்ரேஷன் சர்வீசஸை மட்டும் டிக் செய்தால் ஒரு வரிசை. அதன் கீழே 'ஸ்கேல் அவுட் மாஸ்டர்', 'ஸ்கேல் அவுட் வொர்க்கர்' இரண்டையும் டிக் செய்தால் போர்ட் எண்ணும் சான்றிதழும் கேட்டுக் கூடுதல் பக்கங்கள் வந்து நிற்கும். மாஸ்டருக்கு அது தானாகக் காட்டும் போர்ட் 8391. ஸ்கேல் அவுட் 2017 பதிப்பில் வந்தது. ஒரே சர்வரில் பேக்கேஜ்கள் ஓட்டும் பெரும்பாலானோருக்கு அது தேவையில்லை, டிக் செய்யாமல் விடுங்கள்.

சோதனை விதிகளும் விசார்டில் தெளிவாகத் தெரியும். மறுதொடக்கம் பாக்கியிருந்தால் 'ரீஸ்டார்ட்' விதி சிவப்பில் நின்று வேலையைத் தடுக்கும். ஃபயர்வால் விதி பெரும்பாலும் மஞ்சளில் வரும், அதைத் தாண்டிப் போகலாம். வாழ்க்கையில் முதல் தடவை நிறுவுபவருக்கு இந்த வண்ணங்கள் பெரிய உதவி.

சிக்கல் டேப்களில் இருக்கிறது. கொலேஷன் கதையைச் சொன்னேன். அடுத்து வரும் 'டேட்டாபேஸ் எஞ்சின் கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். முதல் டேப்பில் நிர்வாகியாக யாரையாவது சேர்த்தால்தான் நகர விடும். அதனால் எல்லோரும் 'ஆட் கரன்ட் யூசர்' பொத்தானை அழுத்திவிட்டு நெக்ஸ்டுக்குப் போகிறார்கள். அதே பக்கத்தில் டேட்டா ஃபோல்டர்கள், டெம்ப்டிபி, மேக்ஸ்டாப், மெமரி என்று வேறு டேப்கள் வரிசையாக இருக்கின்றன. தொடாமல் விட்டால் டேட்டாபேஸ் கோப்புகள் சி டிரைவிலேயே போய் உட்காரும்.

எஸ்எஸ்ஐஎஸ் போடுகிறவர்கள் இதில் மெமரி டேப்பை விடவே கூடாது. காரணம் இதுதான்: எஸ்எஸ்ஐஎஸ் பேக்கேஜ் ஓடும்போது எஸ்க்யூஎல் சர்வரின் மெமரிக்குள் ஓடுவதில்லை. தனி புராசஸாக, வெளியே ஓடுகிறது. தரவை நகர்த்தும்போது அதைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் பஃபர்கள் எல்லாம் அந்தத் தனி புராசஸின் மெமரியில்தான் பிடிக்கப்படும். எஸ்க்யூஎல் சர்வரின் உச்ச மெமரி வரம்பை மாற்றாமல் விட்டால் அதன் மதிப்பு 2147483647 மெகாபைட். வரம்பே இல்லை என்று அர்த்தம். டேட்டாபேஸ் எஞ்சின் நாளாக ஆக சர்வரின் மெமரியை எல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். பேக்கேஜுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ராத்திரி லோடு திடீரென்று இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது, பஃபர்கள் டிஸ்க்குக்கு வழிகின்றன, 'பஃபர் மேனேஜரால் மெமரி பெற முடியவில்லை' என்று லாகில் வருகிறது என்றெல்லாம் புலம்பும் சர்வர்களில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு எண்ணைத்தான். பதிப்பு 2019-லிருந்து விசார்டிலேயே பரிந்துரைத்த அளவைக் காட்டுகிறது. ஆனால் அதை ஏற்றுக்கொள்ளத் தனியாக ஒரு டிக் போட வேண்டும். அந்தப் பரிந்துரையும் டேட்டாபேஸ் எஞ்சினை மனதில் வைத்துக் கணக்கிட்டது. எஸ்எஸ்ஐஎஸ்ஸும் அதே சர்வரில் ஓடப்போகிறது என்றால் நான் இன்னும் இறக்கி வைப்பேன். 64 ஜிபி சர்வர் என்றால் எஞ்சினுக்கு 40 ஜிபி கொடுத்துத் தொடங்கி, லோடுகளைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்வது என் வழக்கம்.

பதிப்பு 2022-ல், மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷ்யூரோடு இணைக்கும் 'அஷ்யூர் எக்ஸ்டென்ஷன்' என்று புதிதாக ஒரு பக்கம் வருகிறது, முன்கூட்டியே டிக் செய்யப்பட்டு. இணைய இணைப்பு இல்லாத சர்வரில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மேலே போங்கள்.

கோப்பு எங்கே கிடைக்கும்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. நிறுவல் தொடங்குவதற்கு முன் விசார்டின் கடைசி நிறுத்தம் 'ரெடி டு இன்ஸ்டால்' பக்கம். அதன் நடுவில் தேர்வுகள் மரம்போலக் கிளைபிரிந்து தெரியும். கண்ணை இன்னும் கீழே இறக்கினால், அடியில் நீளமாக ஒரு பாதை இருக்கும். அது 'கான்ஃபிகரேஷன்ஃபைல்' என்ற ஐஎன்ஐ கோப்பின் இருப்பிடம். நீங்கள் அதுவரை சொன்ன எல்லாப் பதில்களும் அதற்குள் எழுதப்பட்டுவிட்டன. அந்தப் பாதையைப் பிடித்துப் போய்க் கோப்பை நகலெடுத்துக்கொண்டு, விசார்டில் 'கேன்சல்' அழுத்திவிடலாம். சர்வரில் எதுவும் நிறுவப்பட்டிருக்காது, கோப்பு மட்டும் கையில் இருக்கும்.

நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே அரைப்புள்ளியில் தொடங்கும் விளக்கம் ஒன்று இருக்கும். கொலேஷன் ஒரு வரி. டேட்டா ஃபோல்டர் ஒரு வரி. மெமரி ஒரு வரி. விசார்டில் டேப்களுக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் இங்கே ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த வரி சரியா?' என்று விரல் வைத்துப் படிக்கலாம். எங்கள் கொலேஷன் தவறு அப்படிப் படித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் மாட்டியிருக்கும்.

எடுத்த கோப்பு அப்படியே ஓடிவிடாது. நாலு இடத்தில் கை வைக்க வேண்டும்.

முதலில், 'யுஐமோட்' என்று ஒரு வரி இருக்கும். சத்தமில்லாத நிறுவலுக்கான ஸ்விட்ச்சும் இந்த வரியும் ஒன்றாக இருந்தால் செட்டப் ஏற்காது. முன்னால் ஒரு அரைப்புள்ளி போட்டு முடக்கிவிடுங்கள். அடுத்தது உரிம ஒப்புதல். அது கோப்பில் தானாக எழுதப்படாது; கோப்பிலோ கட்டளை வரியிலோ நாம்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தொடங்காது. மூன்றாவது, நிர்வாகி கணக்கு. விசார்டில் 'ஆட் கரன்ட் யூசர்' அழுத்தியவரின் பெயர் இந்தக் கோப்பில் அச்சாகியிருக்கும். அது அந்த ஒரு சர்வரின் உள்ளூர்க் கணக்காக இருந்தால் அடுத்த சர்வரில் அப்படி ஒருவரே இருக்க மாட்டார், நிறுவல் தோற்கும். டொமைன் கணக்காக இருந்தால் இன்னும் ஆபத்து: யாரோ ஒருவர், ஒருநாள் கோப்பு எடுத்த காரணத்துக்காக, எல்லாச் சர்வர்களுக்கும் முழு அதிகாரியாகிவிடுவார். அந்த இடத்தில் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகிகள்) குழுவின் டொமைன் குரூப் பெயரைப் போடுங்கள்.

நான்காவது பாஸ்வேர்டு. செட்டப் எந்த பாஸ்வேர்டையும் கோப்பில் எழுதாது. அது நல்லதுதான். ஓட்டும்போது கட்டளை வரியில் கொடுக்க வேண்டும். அதைவிட நல்லது, பாஸ்வேர்டே தேவைப்படாத கணக்குகளைப் பயன்படுத்துவது. விண்டோஸ் தானாக உருவாக்கும் விர்ச்சுவல் கணக்குகளோ, டொமைனில் ஜிஎம்எஸ்ஏ என்று சொல்லப்படும் நிர்வகிக்கப்பட்ட சர்வீஸ் கணக்குகளோ இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எஸ்எஸ்ஐஎஸ் சர்வீஸுக்கு எந்தக் கணக்கு என்று மணிக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். 2019-ல் 'எம்எஸ்டிடிஎஸ்சர்வர்150', 2022-ல் 'எம்எஸ்டிடிஎஸ்சர்வர்160' என்று சர்வீஸ் பட்டியலில் நிற்பது அதுதான். 1998-ல் எஸ்க்யூஎல் சர்வர் 7.0-வோடு டிடிஎஸ் வந்தது, 2005-ல் அதன் இடத்துக்கு எஸ்எஸ்ஐஎஸ் வந்தது. டிடிஎஸ் என்ற பழைய பெயர் இன்னும் அந்தச் சர்வீஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பேக்கேஜ் ஸ்டோரை நிர்வகிக்கத்தான் அது இருக்கிறது. உங்கள் பேக்கேஜ்கள் ஓட அந்தச் சர்வீஸ் இயங்க வேண்டிய அவசியமே கிடையாது. 2012-லிருந்து பேக்கேஜ்கள் எஸ்எஸ்ஐஎஸ்டிபி என்ற கேட்டலாக்கில் இருக்கின்றன. நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜென்ட் வழியாக ஓடும்போது ஏஜென்ட் கணக்கின் பெயரிலோ நீங்கள் கொடுத்த பிராக்ஸியின் (மாற்றுக் கணக்கின்) பெயரிலோதான் ஓடும். கோப்புப் பகிர்வில் அனுமதி இல்லை என்று பேக்கேஜ் விழுந்தால் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கணக்கு. கூட்டம் போடுவதானால் அதைப் பற்றிப் போடுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

நேரத்தைப் பார்த்தால் முதல் சர்வருக்கு விசார்ட்தான் வேகம். கோப்பை எடுத்து, திருத்தி, ஒரு தடவை சோதித்துப் பார்க்க அரை நாள் போகும். இரண்டாவது சர்வரில் கணக்குச் சமமாகும். மூன்றாவதில் கோப்பு முந்திவிடும். அதற்கு மேல் பேச்சே இல்லை.

தவறு நடந்தால் தெரிவதில் விசார்டுக்கு மதிப்பெண் கூட. சத்தமில்லாமல் ஓட்டினால் திரையில் ஒன்றுமே வராது. பத்து நிமிடம் கழித்துக் கட்டளை வரி திரும்பி வரும், அவ்வளவுதான். முழு அமைதிக்குப் பதில் முன்னேற்றத்தை மட்டும் காட்டும் 'க்யூஎஸ்' ஸ்விட்ச்சைப் போடுங்கள், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஸ்கிரிப்ட்டிலிருந்து ஓட்டுகிறவர்கள் திரும்பி வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 0 என்றால் முடிந்தது. 3010 என்றால் முடிந்தது, ஆனால் மறுதொடக்கம் தேவை. அந்த 3010-ஐத் தோல்வி என்று நினைத்துத் திரும்பவும் ஓட்டுகிறவர்கள் உண்டு. வேறு எண் வந்தால் லாக் ஃபோல்டரில் உள்ள 'சம்மரி' கோப்பைத் திறங்கள். எந்தப் பாகம் தோற்றது, ஏன் என்று அதில் இருக்கும்.

எடிஷனையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். சாவி சரியாகப் போகாமல் எவாலுவேஷனாக நின்றுவிட்டால் அன்று எதுவும் தெரியாது. 180 நாள் கழித்து சர்வீஸ் நின்றுபோகும்போதுதான் தெரியும்.

அப்டேட் விஷயத்தில் கோப்பு தெளிவாக வெல்கிறது. விசார்ட் இணையத்தில் புதிய அப்டேட் தேடும். புரொடக்‌ஷன் சர்வருக்கு இணையம் இருக்காது. தேட முடியவில்லை என்று சொல்லும், நாமும் நெக்ஸ்ட் அழுத்திவிடுவோம். விளைவு, டெஸ்ட்டில் ஒரு அப்டேட் நிலை, புரொடக்‌ஷனில் வேறொன்று. கோப்பில் அப்டேட் இருக்கும் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துவிட்டால், நிறுவும்போதே அந்த அப்டேட்டும் சேர்ந்து போய்விடும். எல்லாச் சர்வரும் ஒரே நிலையில் நிற்கும்.

ஆனால் என் கணக்கில் எல்லாவற்றையும்விடக் கனமானது வேறு. இரண்டு வருடம் கழித்து, நிறுவியவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, 'இந்தச் சர்வர் எப்படிக் கட்டப்பட்டது?' என்று ஒருவர் கேட்பார். விசார்டில் கட்டியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் ஒட்டிய வேர்டு கோப்பு ஒன்று கிடைக்கலாம். அதில் கொலேஷன் டேப்பின் படம் இருக்காது, ஏனென்றால் அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். ஐஎன்ஐ கோப்பு, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் இருந்தால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது வரை கிடைக்கும். நள்ளிரவில் சர்வர் செத்து, புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டிய நேரத்தில் அந்தக் கோப்பின் அருமை புரியும்.

ஒரே ஒரு சர்வர், சின்ன அலுவலகம், டெஸ்ட் என்று தனியாக எதுவும் கிடையாது என்றால்? விசார்டிலேயே போடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லா டேப்களையும் திறந்து பார்த்துவிட்டு நகருங்கள். இருபது, முப்பது சர்வர் என்றால் ஐஎன்ஐ கோப்பும் பழசு. டிபிஏடூல்ஸ் என்ற பவர்ஷெல் தொகுப்பில் நிறுவுவதற்கென்றே கட்டளை இருக்கிறது, பவர்ஷெல் டிஎஸ்சி வழியும் இருக்கிறது. இரண்டுமே உள்ளுக்குள் இதே செட்டப்பைத்தான் கூப்பிடுகின்றன. ஆகவே மேலே சொன்ன வரிகளைப் புரிந்துவைத்திருப்பது அங்கேயும் உதவும்.

இரண்டு வழியிலும் விட்டுப்போகும் வேலைகள்

பச்சை டிக் வந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விசார்டோ கோப்போ எஸ்எஸ்ஐஎஸ்டிபி கேட்டலாக்கை உருவாக்கித் தராது. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் 'இன்டக்ரேஷன் சர்வீசஸ் கேட்டலாக்ஸ்' மேல் வலது கிளிக் செய்து நாம்தான் உருவாக்க வேண்டும். அது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். கேட்டலாக்கின் ரகசியங்களை மறைக்கும் மாஸ்டர் கீயைக் காப்பது அந்த பாஸ்வேர்டுதான். ஏதோ ஒன்றை அடித்துவிட்டு மறந்தால், பின்னால் எஸ்எஸ்ஐஎஸ்டிபியை வேறு சர்வருக்கு நகர்த்தும்போது கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். எங்கள் சனி, ஞாயிறு வேலையில் அது மட்டும் சுலபமாக முடிந்ததற்குக் காரணம், நண்பர் அதைப் பெட்டகத்தில் பத்திரமாகச் சேர்த்துவைத்திருந்தார். உருவாக்கிய அன்றே மாஸ்டர் கீயைப் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

கேட்டலாக்கில் ஓட்ட வரலாறு 365 நாள் வைத்திருக்கும்படி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேக்கேஜ் ஓடும் இடத்தில் ஒரு வருட லாக் என்றால் எஸ்எஸ்ஐஎஸ்டிபி ஊதிப்போய்விடும். பிறகு குறைத்தால் நள்ளிரவில் ஓடும் துப்புரவு ஜாப் திணறும். முதல் நாளே 30 அல்லது 60 என்று வைத்துவிடுங்கள்.

எக்செல் கோப்பு படிப்பதற்கான டிரைவரும், ஆரக்கிள் இணைப்பானும் தனி நிறுவிகள். 'என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை' என்ற புகாரில் பாதிக்கு மேல் எக்செல் டிரைவரின் 32-பிட், 64-பிட் குழப்பம்தான் என்பது என் அனுபவம். அவற்றையும் ஐஎன்ஐ கோப்பு இருக்கும் அதே ஸ்கிரிப்ட்டில் அடுத்த வரிகளாக எழுதிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களைக் கையாளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொலேஷன் எதை வைத்தாலும் தமிழ் எழுத்து, யூனிகோட் எழுத்துகளுக்கான என்வார்ச்சார் வகை நெடுவரிசையில் பத்திரமாக இருக்கும். சாதாரண வார்ச்சாரில் போட்டால் கேள்விக்குறிகளாக மாறிவிடும், போன எழுத்து திரும்பி வராது. 2019-லிருந்து யுடிஎஃப்-8 கொலேஷன்கள் வந்திருக்கின்றன. அவற்றில் வார்ச்சாரும் தமிழைத் தாங்கும். இருந்தாலும் அதை முழுச் சர்வருக்கும் வைப்பதை நான் தவிர்ப்பேன். டேட்டாபேஸ் அளவில் வைத்தாலே போதும்.

லினக்ஸ், அஷ்யூர், இன்ஃபர்மேட்டிகா

லினக்ஸில் எஸ்எஸ்ஐஎஸ் 2017-லிருந்து உண்டு. விசார்ட் கிடையாது. பேக்கேஜை நிறுவி, ஒரு செட்டப் கட்டளையை ஓட்டினால் டெர்மினலில் இரண்டு மூன்று கேள்வி கேட்கும், முடிந்தது. நிறுவுவது இதைவிடச் சுலபமாக இருக்க முடியாது. ஆனால் அங்கே எஸ்எஸ்ஐஎஸ்டிபி கேட்டலாக் இல்லை, ஏஜென்ட்டில் நேரம் குறிக்க முடியாது, லினக்ஸில் நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரானை வைத்து ஓட்ட வேண்டும். நிறுவல் சுலபம் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அஷ்யூரில் டேட்டா ஃபேக்டரிக்குள் எஸ்எஸ்ஐஎஸ்ஸை வாடகைக்கு எடுக்கலாம். சர்வர் கட்டும் வேலை போகிறது. ஆனால் எக்செல் டிரைவர், சான்றிதழ் போன்ற கூடுதல் சாமான்களைப் போட அங்கேயும் 'மெயின்' என்ற கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதிச் சேமிப்பகத்தில் வைக்க வேண்டும். அதாவது விசார்டில் சொடுக்கும் பழக்கம் அங்கே செல்லாது. அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்துக்கெல்லாம் கட்டணம் ஏறும் என்பதால் ராத்திரி லோடு முடிந்ததும் நிறுத்தும்படி செய்ய வேண்டும். அலுவலகத்துக்குள் இருக்கும் டேட்டாவைத் தொட, உள்ளே ஒரு விண்டோஸ் சர்வரில் 'செல்ஃப்-ஹோஸ்டட் இன்டக்ரேஷன் ரன்டைம்' போடும் வழி உண்டு. அதற்கு மறுபடி ஒரு விசார்ட். ஆனால் சின்னது: நிறுவி, அஷ்யூர் கொடுக்கும் சாவியை ஒட்டினால் போதும். வெளியே போகும் 443 போர்ட் மட்டும் திறந்திருக்க வேண்டும்.

இன்னொரு தரவு ஒருங்கிணைப்பு மென்பொருளான இன்ஃபர்மேட்டிகா பவர்சென்டரில் என் முடிவு கொஞ்சம் மாறும். விண்டோஸில் அதற்கு வரைகலை விசார்ட் இருக்கிறது, லினக்ஸில் டெர்மினல் கேள்வி பதில். சத்தமில்லாத நிறுவலுக்கு 'சைலன்ட்இன்புட்' என்ற பிராப்பர்ட்டீஸ் கோப்பு நிறுவியோடு சேர்ந்தே வருகிறது, அதை நாம் கையால் நிரப்ப வேண்டும். முதல் நோடு, அதாவது முதல் சர்வர், பவர்சென்டரின் டொமைனை (சேர்ந்து இயங்கும் நோடுகளின் குழுவை) உருவாக்குகிறது. அதற்கு ஒரு டேட்டாபேஸ் இணைப்பு தேவை. விசார்டில் 'டெஸ்ட் கனெக்‌ஷன்' பொத்தான் உண்டு. இணைப்பு விவரம் தவறென்றால் அங்கேயே, அப்போதே தெரியும். கோப்பில் தவறாக எழுதினால் நிறுவல் பாதி தூரம் போன பிறகுதான் லாகில் தெரியும். அதனால் அங்கே முதல் நோடை விசார்டிலோ டெர்மினல் கேள்வி பதிலிலோ கட்டுவேன். டொமைனில் பிறகு சேரும் நோடுகளை மட்டும் கோப்பில் கட்டுவேன். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டுகள் இருக்கும் என்பதை மறக்காமல், வேலை முடிந்ததும் அவற்றை நீக்கிவிட வேண்டும். நிறுவும்போது உருவாகும் 'சைட்கீ' என்ற குறியாக்கச் சாவியை எஸ்எஸ்ஐஎஸ்டிபியின் மாஸ்டர் கீ மாதிரியே பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே விசார்டில் கட்டிய எஸ்எஸ்ஐஎஸ் சர்வர் உங்களிடம் இருந்தால், அதுவும் கைவிட்டுப் போகவில்லை. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் 'மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர்' ஃபோல்டருக்குப் போங்கள். 2019 என்றால் 150, 2022 என்றால் 160 என்று எண் போட்ட ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'செட்டப் பூட்ஸ்ட்ராப்', அதற்குள் 'லாக்'. உள்ளே தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். யாரும் துடைத்துப் போடாமல் இருந்தால், செட்டப் ஓடிய ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. முதல் நிறுவலின் தேதியைத் திறந்தால் அன்று அழுத்திய எல்லா நெக்ஸ்டுக்குமான பதில்கள் ஐஎன்ஐ கோப்பாக அங்கே காத்திருக்கும். டெஸ்ட்டின் கோப்பையும் புரொடக்‌ஷனின் கோப்பையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொலேஷன் வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். மாதக் கடைசிக்கு முன்னால்.